எலிசபெத் ராணியின் முகத்தில் இருந்தது ஈயமா?

கேள்வி இது: பள்ளி ஆண்டு விழா நாடகத்தில் ஒரு மாணவி இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத்தாக நடிக்கிறாள். முகத்தைச் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளையாக்க வேண்டும் என்கிறார் ஒப்பனை செய்பவர். ராணி அம்மைத் தழும்பை மறைக்க ஈயத்தை அப்பிக்கொண்டார், அந்த விஷமே அவரைக் கொன்றது என்று படித்த ஞாபகம். இது உண்மையா? விஷம் என்று தெரிந்தும் ஏன் பூசினார்கள்? அன்று எதை அழகு என்றார்கள்?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்துச் சீமாட்டிகள் முகத்தில் ஈயவெள்ளை பூசியது உண்மை. அது கெடுதல் என்று அப்போதே எழுதி வைத்திருக்கிறார்கள், அதுவும் உண்மை. ஆனால் ராணி ஈயத்தால் இறந்தார் என்பதற்கு ஆதாரம் கிடையாது. அவர் முகம் நாம் நினைக்கிற அளவுக்கு வெள்ளையாக இருந்ததா என்பதே சந்தேகம். நான் மேல்நிலை வகுப்புகளுக்குப் பல வருடம் வேதியியல் நடத்தியவள். ஈயச் சேர்மங்கள் பாடம் வரும்போதெல்லாம் இந்த ராணியின் கதையைச் சொல்வேன். முதல் சில வருடங்கள் நானும் நீங்கள் படித்த கதையைத்தான் சொன்னேன். பிறகு தேடிப் படித்தபோதுதான் அது எவ்வளவு மெல்லிய சான்றின்மேல் நிற்கிறது என்று புரிந்தது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எலிசபெத் 1558 முதல் 1603 வரை ஆண்டார். அந்தக் காலத்து இங்கிலாந்தின் அழகு இலக்கணம் பெரும்பாலும் இத்தாலியக் கவிதையிலிருந்து வந்தது. 14-ஆம் நூற்றாண்டில் பெட்ரார்க் தன் காதலி லாராவைப் பாடிய விதம் ஐரோப்பா முழுவதும் ஒரு வாய்பாடாகிவிட்டது. பொன் இழை போன்ற கூந்தல், பால் போன்ற மேனி, ரோஜாக் கன்னம், பவள உதடு, அகன்று உயர்ந்த நெற்றி. நம் இலக்கியத்தில் பாதாதிகேசம் என்று அடியிலிருந்து முடிவரை வரிசையாக உவமை சொல்வது போலவே அங்கும் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு உவமை நிலைத்துவிட்டது. நெற்றி உயரமாகத் தெரிய முன்மயிரைப் பிடுங்கினார்கள், புருவத்தை மெலிதாக்கினார்கள். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கவிஞர்கள் வெறும் வெள்ளையைப் பாடவில்லை. வெள்ளையும் சிவப்பும் சேர்ந்தே வரும். பாலில் விழுந்த ரோஜா இதழ் மாதிரி. உடலில் நான்கு தாதுக்கள் சமநிலையில் இருந்தால்தான் முகத்தில் அந்த நிறம் வரும் என்று வைத்தியர்களும் நம்பினார்கள். வெறும் வெளுப்பு அவர்களுக்கு நோயின் அடையாளம். இந்தச் சிவப்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மறுபடி வரும்.

வெள்ளைக்கு வேறொரு காரணமும் இருந்தது. வெயிலில் கறுத்த முகம் வயலில் வேலை செய்பவளின் முகம். வீட்டுக்குள் இருக்க முடிந்தவள், பணியாட்கள் உள்ளவள் என்பதை நிறமே சொல்லிவிடும். இதற்காக எவ்வளவு தூரம் போனார்கள் என்பதற்கு 2010-ல் ஒரு சான்று கிடைத்தது. நார்தாம்ப்டன்ஷயர் மாவட்டத்தில் டேவன்ட்ரி அருகே 16-ஆம் நூற்றாண்டு வீடு ஒன்றைப் புதுப்பித்தபோது, சுவருக்குள் மடித்துச் செருகிய ஒரு முகமூடி அகப்பட்டது. வெளியே கறுப்பு வெல்வெட், உள்ளே பட்டு, நடுவே விறைப்புக்காக அழுத்திய காகிதம். கண்ணுக்கும் வாய்க்கும் துளை, மூக்குக்கு ஒரு புடைப்பு. காதில் மாட்டவோ தலையில் கட்டவோ கயிறு இல்லை. உள்பக்கம் வாய் இருக்கும் இடத்தில் நூலில் கோத்த ஒரு கண்ணாடி மணி தொங்கியது. அந்த மணியைப் பல்லால் கடித்துக்கொண்டால் முகமூடி நிற்கும். குதிரையில் வெளியூர் போகும் சீமாட்டிகள் வெயில் படாமல் இருக்க இதை அணிந்தார்கள். யோசித்துப் பாருங்கள், இதை மாட்டியிருக்கும்வரை அவள் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேச முடியாது. வகுப்பில் இதைச் சொல்லும்போது பெண் பிள்ளைகள் முகத்தில் வரும் மாற்றத்தை நான் ஒவ்வொரு வருடமும் பார்த்திருக்கிறேன்.

சரி, அம்மைக்கு வருவோம். 1562 அக்டோபரில் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் ராணிக்குப் பெரியம்மை கண்டது. அப்போது வயது 29. பிழைக்க மாட்டார் என்று நினைத்து அடுத்து யார் ஆள்வது என்று அமைச்சர்கள் பேசத் தொடங்கிவிட்டார்கள். ராணி பிழைத்துக்கொண்டார். ஆனால் பக்கத்திலேயே இருந்து பணிவிடை செய்த மேரி சிட்னி என்ற சீமாட்டிக்கு நோய் தொற்றியது. அவர் ராணிக்கு நெருக்கமான ராபர்ட் டட்லியின் சகோதரி, கவிஞர் பிலிப் சிட்னியின் தாய். கணவர் ஹென்றி சிட்னி அந்த நேரம் கடல் கடந்து பிரான்சுக்குப் போயிருந்தார். இருபது ஆண்டுகள் கழித்து, 1583-ல், அவர் எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. போகும்போது என் கண்ணுக்குப் பேரழகியாக இருந்தவள், திரும்பி வந்தபோது அம்மை ஒரு பெண்ணை எவ்வளவு குலைக்க முடியுமோ அவ்வளவு குலைந்திருந்தாள், அந்தத் தழும்புகளால் தனித்தே வாழ்கிறாள் என்று எழுதுகிறார். அதற்குப் பிறகு அவர் அரசவைப் பக்கமே வரவில்லை என்று சிலர் எழுதுவார்கள். அது சரியல்ல. 1570-களிலும் அரண்மனையில் அவருக்கு அறை இருந்தது. ஆனாலும் அந்தக் கடிதத்தின் வலியை என்னால் எளிதாகத் தாண்டிப் போக முடிவதில்லை. என் பாட்டிக்கு முகம் முழுக்க அம்மைத் தழும்பு. குடும்பப் படம் எடுக்கும்போது முந்தானையைக் கன்னம் வரை இழுத்துக்கொண்டு பின்வரிசையில் நிற்பார். உலகத்தில் பெரியம்மை ஒழிந்தது என்று 1980-ல் அறிவித்தார்கள். அதற்கு முன் பிறந்த எவர் வீட்டிலும் இப்படி ஒரு பாட்டி இருந்திருப்பார்.

இந்தப் பின்னணியோடு பார்த்தால்தான் முகப்பூச்சு புரியும். கறை இல்லாத பால் மேனிதான் அழகு என்று சொல்கிற ஊரில், யாருக்கு எப்போது அம்மை வந்து முகத்தைச் சிதைக்கும் என்று தெரியாது. அந்த இடைவெளியை நிரப்பியது ஈயவெள்ளை.

அதைச் செய்யும் முறை கிரேக்கர் காலத்திலிருந்தே வருகிறது. அரிஸ்டாட்டிலின் மாணவர் தியோபிராஸ்டஸ் அதை எழுதி வைத்திருக்கிறார். மண் பானையில் காடியை, அதாவது வினிகரை ஊற்றி, அதன் மேல் காரீயத் தகடுகளைப் படாமல் வைத்து மூடுவார்கள். பிற்காலத்தில் பானைகளைச் சாணக் குவியலுக்குள் அடுக்கும் வழக்கம் வந்தது. சாணம் நொதிக்கும்போது சூடும் கரியமில வாயுவும் வரும். காடியின் ஆவி ஈயத்தை அரிக்கும், கரியமில வாயு அதை வெள்ளைப் பொருக்காக மாற்றும். வாரக்கணக்கில் காத்திருந்து பானையைத் திறந்தால் தகடுகள்மேல் வெண்மையாகப் பூத்திருக்கும். சுரண்டி, அரைத்து, கழுவி, உலர்த்தினால் ஈயவெள்ளை. வேதியியல் மொழியில் காரத்தன்மை கொண்ட ஈயக் கார்பனேட். வெனிஸ் நகரத்துச் சரக்குக்குத்தான் மதிப்பு அதிகம்.

அது விஷம் என்று தெரியாமல் இருந்ததா என்றால், இல்லை. 1598-ல் ரிச்சர்டு ஹைடாக் என்பவர் லோமாட்சோ என்ற இத்தாலியரின் ஓவிய நூலை ஆங்கிலத்தில் தந்தார். அதில் பெண்கள் முகத்தில் பூசும் சரக்குகளைப் பற்றி ஒரு பகுதி வருகிறது. ஈயவெள்ளை சதையின் ஈரத்தை உறிஞ்சி உலர்த்திவிடும், அதைப் பூசுகிறவர்கள் சீக்கிரம் வாடி நரைத்துப் போவார்கள் என்று தெளிவாக எச்சரிக்கிறது. இதைவிடக் கொடியது அதில் இன்னொன்று உண்டு. பாதரசத்திலிருந்து எடுக்கும் ஒரு வெள்ளை உப்பு. நம் சித்த மருத்துவர்கள் வீரம் என்பார்கள். அதைப் பூசினால் மேல்தோல் வெந்து உரியும், அடியிலிருந்து புதுத் தோல் வரும், மச்சமும் தழும்பும் போகும் என்று பூசினார்கள். ஈறு சுருங்கி, பல் கறுத்து, வாய் நாறும் என்று அந்தப் புத்தகமே சொல்கிறது. ஓவியம் கற்றுத்தரும் நூலில் இதெல்லாம் ஏன் வந்தது என்று கேட்டால், ஓவியர் பலகையில் பூசிய வெள்ளையும் பெண்கள் முகத்தில் பூசிய வெள்ளையும் ஒன்றேதான்.

தெரிந்தும் ஏன் என்ற உங்கள் கேள்விக்கு, ஆணவம், முட்டாள்தனம் என்று எளிதாகப் பதில் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. உண்மையான பதில் ஒளியியலில் இருக்கிறது. திருநீற்றைத் தண்ணீரில் குழைத்து நெற்றியில் இட்டுப் பாருங்கள். ஈரமாக இருக்கும்வரை கண்ணுக்கே தெரியாது, காய்ந்தபின்தான் பளிச்சென்று வெளுக்கும். எண்ணெய் வழியும் நெற்றியில் இட்டால் மங்கித்தான் தெரியும். காரணம், சாம்பல் துகளின் ஒளிவிலகல் எண்ணுக்கும், அதாவது ஒளி அதற்குள் எவ்வளவு வளைகிறது என்று சொல்லும் எண்ணுக்கும், தண்ணீர், எண்ணெய் ஆகியவற்றின் எண்ணுக்கும் வித்தியாசம் குறைவு. ஒளி சிதறாமல் ஊடுருவிப் போய்விடும். சுண்ணத்தூள், அரிசி மாவு, எலும்புச் சாம்பல் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். ஈயவெள்ளையின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 2. எண்ணெயில் குழைத்தாலும், வியர்வை பட்டாலும் அது வெள்ளையாகவே நிற்கும். துகளும் மிக நுண்மையாக இருப்பதால் தோலில் பட்டுப்போல் படியும். கொஞ்சம் பூசினாலே தழும்பை மறைக்கும். இதற்கு ஈடான வேறொரு வெள்ளை அன்று உலகத்தில் இல்லை. துத்தநாக ஆக்சைடும் டைட்டானியம் டை ஆக்சைடும் பூச்சுக்கு வர இன்னும் சில நூற்றாண்டுகள் இருந்தன.

மாற்று தேடவில்லை என்றும் சொல்ல முடியாது. ஹியூ பிளாட் என்பவர் 1600-களின் தொடக்கத்தில் பெண்களுக்காக ஒரு குறிப்பு நூல் வெளியிட்டார். பழத்தைச் சர்க்கரைப் பாகில் பதப்படுத்துவது, வாசனைத் தண்ணீர் வடிப்பது, முகப்பூச்சு செய்வது எல்லாம் அதில் அடுத்தடுத்து வரும். அடுப்படியும் ஒப்பனை அறையும் அன்று ஒன்றுதான். அதில் அவர் சொல்லும் ஒரு வெள்ளைப் பூச்சு, பன்றியின் தாடை எலும்பைச் சுட்டு, இடித்து, சலித்து, கல்லில் அரைத்து, வெள்ளைக் கசகசா எண்ணெயில் குழைத்துப் பூசுவது. ஈயம் துளியும் இல்லை. ஆனால் திருநீற்றுக் கணக்கு இங்கேயும் பொருந்தும். எண்ணெயில் குழைத்த எலும்புச் சாம்பல் முகத்தைக் கொஞ்சம் மெருகேற்றும், அம்மைத் தழும்பை மறைக்காது.

சிவப்புக்கு வழிகள் நிறைய இருந்தன. சாதிலிங்கம், மெக்சிகோவிலிருந்து ஸ்பெயின் கப்பல்களில் வந்த கொச்சினில் பூச்சிச் சாயம், மஞ்சிட்டி வேர். இதில் எனக்கு மிகப் பிடித்த ஒன்று உண்டு. நேப்பிள்ஸைச் சேர்ந்த ஜாம்பாட்டிஸ்டா டெல்லா போர்ட்டா 16-ஆம் நூற்றாண்டில் எழுதிய ஒரு கன்னச் சிவப்புச் செய்முறையில், இரண்டு முறை வடித்த காடியில் செஞ்சந்தனச் சீவலைப் போட்டு இளஞ்சூட்டில் கொதிக்க வைத்து, கொஞ்சம் படிகாரம் சேர்க்கச் சொல்கிறார். செஞ்சந்தனம் தானாக வளரும் காடு உலகத்தில் நம் பக்கத்துக் கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில்தான் இருக்கிறது. கடப்பா, சித்தூர் மலைகளின் மரம் ஐரோப்பியப் பெண்களின் கன்னத்தில் ஏறியிருக்கிறது. படிகாரம் எதற்கு என்றால், சாயத்தைத் தோலில் பிடித்துவைக்க. துணிக்குச் சாயம் ஏற்றுபவர்கள் செய்கிற அதே வேலை. எல்லாம் பூசி முடித்தபின் மெருகுக்கு முட்டையின் வெள்ளைக் கருவைப் பூசுவதும் உண்டு. காய்ந்ததும் இறுகிவிடும், சிரித்தால் வெடிக்கும்.

கூந்தலைப் பற்றிச் சுருக்கமாக. பொன்னிறமும் செம்பொன்னிறமும்தான் விரும்பப்பட்டன, ராணியின் கூந்தலே செந்நிறம். வயதானபின் அவர் அதே நிறத்தில் பொய்முடி அணிந்தார். அவருடைய எதிரியான ஸ்காட்லாந்து ராணி மேரியும் அப்படித்தான். 1587 பிப்ரவரியில் மேரியின் தலையை வெட்டியபின் தண்டனையை நிறைவேற்றியவர் அதைத் தூக்கிக் காட்ட முயன்றபோது, முடி கையோடு வந்தது, தலை கீழே விழுந்தது. உள்ளே குட்டையாக நரைத்த முடி. அப்போது மேரிக்கு 44 வயது. அப்புறம் பல். சர்க்கரை அன்று பணக்காரர்களின் பண்டம், ராணிக்கு அதில் கொள்ளை ஆசை. 1578-ல் பல் வலியால் துடித்தபோதும் பிடுங்கிக்கொள்ளப் பயந்தார். லண்டன் பேராயர் ஜான் ஆல்மர், வலி தாங்கக்கூடியதுதான் என்று காட்டுவதற்காக ராணியின் கண்முன் தன் பல் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டாராம். அதற்குப் பிறகே ராணி சம்மதித்தார்.

பெண்கள்மேல் இருந்த நெருக்கடியைப் பற்றி இங்கே சொல்லாமல் போக முடியாது. ஒரு பக்கம் கவிஞர்கள் பாலும் ரோஜாவும் கேட்கிறார்கள். மறுபக்கம் பிரசங்கிகள் முகத்தில் வண்ணம் பூசுவது கடவுள் வரைந்த ஓவியத்தைத் திருத்துவது, பாவம் என்கிறார்கள். பிலிப் ஸ்டப்ஸ் 1583-ல் வெளியிட்ட ஒரு நூலில் இப்படித் திட்டித் தீர்த்தார். தாமஸ் டூக் என்ற பாதிரியார் 1616-ல் முகப்பூச்சை எதிர்ப்பதற்கென்றே தனி நூல் எழுதினார். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட், கடவுள் ஒரு முகம் தந்தார், நீங்கள் இன்னொன்றைச் செய்துகொள்கிறீர்கள் என்று ஒஃபீலியாமேல் எரிந்து விழுவதும் இந்தக் காலத்து மேடையில்தான். இயற்கையாகவே அப்படி இருக்க வேண்டும், இல்லையென்றால் குறை. இருக்கும்படி செய்துகொண்டால் பொய்க்காரி. இந்தப் பிரசங்கிகள் கொட்டிய வெறுப்பிலிருந்துதான் நமக்குப் பல தகவல்கள் கிடைத்திருக்கின்றன. படிக்கும்போது அதை மறக்கக் கூடாது.

ராணி பூசினாரா? இதற்குச் சாட்சிகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நேரில் பார்த்து எழுதியவர்களில் இருவர் முக்கியம். 1597-ல் பிரெஞ்சு தூதராக வந்த ஹுரோ த மேஸ், ராணியின் முகம் மிகவும் வயதானது, நீண்டு மெலிந்தது, பற்கள் மஞ்சளாகி ஒழுங்கற்று இருந்தன, பல விழுந்துவிட்டதால் வேகமாகப் பேசினால் புரியவில்லை என்று குறித்தார். அடுத்த வருடம் கிரீனிச் அரண்மனையில் ராணியைப் பார்த்த ஜெர்மானியப் பயணி பால் ஹென்ட்ஸ்னர், நீள் முகம், வெண்மை, ஆனால் சுருக்கங்கள், சிறிய கரிய இனிய கண்கள், சற்று வளைந்த மூக்கு, கறுத்த பற்கள், செந்நிறப் பொய்முடி என்று எழுதினார். பொய்முடியைக் கவனித்தவர், பல்லின் நிறத்தைக் கவனித்தவர், முகத்தில் கனத்த பூச்சு இருந்தால் விட்டிருப்பாரா? இருவருமே தழும்பையும் சொல்லவில்லை, பூச்சையும் சொல்லவில்லை. மேலும் முகத்தில் சுருக்கங்கள் தெரிந்தன என்கிறார் ஹென்ட்ஸ்னர். கெட்டியாக அப்பியிருந்தால் சுருக்கம் தெரியாது.

அரை அங்குலக் கனத்துக்குப் பூசியிருந்தார் என்ற செய்தி எங்கிருந்து வருகிறது? 1600-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு ஏசு சபைப் பாதிரியார் எழுதிய கடிதத்திலிருந்து. கத்தோலிக்கத் துறவிகளான ஏசு சபையினர் அன்று இங்கிலாந்தில் வேட்டையாடப்பட்டவர்கள். ராணிமேல் அவர்களுக்கு அன்பு இருக்க வாய்ப்பில்லை. வயதானபின் ராணி உண்மையான கண்ணாடியில் தன்னைப் பார்க்கவே இல்லை, தோழிகள் வண்ணம் பூசும்போது சில சமயம் மூக்கிலும் சிவப்பு பூசிவிடுவார்கள் என்ற கதை, நாடகாசிரியர் பென் ஜான்சன் ஸ்காட்லாந்தில் ஒரு நண்பரோடு பேசும்போது சொன்னது. அப்போது ராணி இறந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அவர் முகத்தில் எதுவுமே பூசவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. அறுபது வயதில் அரசவையில் நிற்க வேண்டிய ஒரு பெண் கொஞ்சம் வண்ணம் தொட்டிருப்பதில் வியப்பில்லை. ஆனால் ஈயத்தை அப்பினார் என்று உறுதியாகச் சொல்ல இந்தச் சாட்சிகள் போதாது.

அப்படியென்றால் அந்த வெள்ளை முகம் நம் கண்ணில் எப்படிப் பதிந்தது? ஓவியங்களால். ராணி தன் படங்கள்மேல் கடுமையான கட்டுப்பாடு வைத்திருந்தார். சின்னஞ்சிறு ஓவியங்களில் கைதேர்ந்த நிக்கலஸ் ஹில்லியார்டிடம் நிழல் இல்லாமல் வரையச் சொல்லி, மர நிழல் விழாத திறந்த தோட்டத்தில் அமர்ந்ததாக அந்த ஓவியரே எழுதியிருக்கிறார். நிழல் இல்லையென்றால் சுருக்கம் இல்லை, எலும்பு இல்லை, வெறும் வெளிச்சம்தான். 1596-ல் ராணிக்கு ஒவ்வாத படங்களைத் தேடி அழிக்கும்படி அரசவைக் குழு ஆணையிட்டது. 1600 வாக்கில் வரைந்து இன்று ஹாட்ஃபீல்டு மாளிகையில் இருக்கும் வானவில் ஓவியத்தில், அறுபத்தேழை நெருங்கும் ராணிக்கு முப்பது வயதுப் பெண்ணின் முகம். இதை வெறும் அழகு ஆசை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்குக் குழந்தை இல்லை, வாரிசை அறிவிக்கவும் இல்லை. ராணி மூப்படைவது தெரிந்தால் நாடே அடுத்த ஆளைத் தேடத் தொடங்கும். அந்த மாறாத இளமை முகம் ஓர் அரசாங்க முத்திரை மாதிரி.

இனி அந்தச் சிவப்புக்கு வருகிறேன். லண்டன் தேசிய உருவப்பட அருங்காட்சியகத்தில் 1575 வாக்கில் வரைந்த டார்ன்லி ஓவியம் இருக்கிறது. ராணியின் வெளிறிய முகத்துக்கு எல்லோரும் காட்டும் படம் அதுதான். பிற்காலத்து எத்தனையோ ஓவியங்களுக்கு அதன் முகம்தான் அச்சாக இருந்தது. அதை அருங்காட்சியகத்தார் நுண்ணோக்கியில் வைத்துச் சோதித்தபோது, முகத்தில் பூசியிருந்த சிவப்புச் சாயம் வெளிச்சம் பட்டுப் பட்டு மங்கிப்போயிருப்பது தெரிந்தது. வரைந்த நாளில் அந்தக் கன்னத்தில் ரத்த ஓட்டம் இருந்தது. உடையில் இன்று பழுப்பாகத் தெரியும் பூவேலையும் முதலில் கருஞ்சிவப்பு. பூச்சிச் சாயமும் செடிச் சாயமும் ஒளியில் நிற்காது. நல்ல புடவையை வெயிலில் உலர்த்தினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். ஈயவெள்ளை மட்டும் எண்ணெயில் அப்படியே நிற்கும். ஆக, நானூறு ஆண்டுகளில் சிவப்பு போய் வெள்ளை மட்டும் மிஞ்சியது. அந்தப் படங்களைப் பார்த்து சினிமாக்காரர்கள் முகத்தில் சுண்ணாம்பு அடித்தார்கள். சினிமாவைப் பார்த்து நாம் நம்பினோம்.

இறப்பைப் பற்றி. எலிசபெத் 1603 மார்ச் 24 அன்று ரிச்மண்ட் அரண்மனையில், 69 வயதில் காலமானார். நெருங்கிய தோழியை இழந்த துயரத்தில் இருந்தார், சாப்பாட்டை ஒதுக்கினார், படுக்கைக்குப் போக மறுத்து நாள்கணக்கில் தரையில் மெத்தைகள்மேல் அமர்ந்திருந்தார், தொண்டை அடைத்தது. உடலை அறுத்துப் பார்க்கவில்லை. அந்தக் காலத்தில் 69 என்பது நீண்ட ஆயுள். ஈயம் என்று முடிவு கட்ட எந்தக் குறிப்பும் இல்லை. இன்னொரு விஷயம், ஈயவெள்ளை வெட்டுக்காயமில்லாத தோல் வழியாக அவ்வளவு எளிதில் உள்ளே போகாது. வாய் வழியாகவும் மூச்சு வழியாகவும் போவதுதான் பெரிய ஆபத்து. உதட்டுக்கருகே பூசியது, விரலில் ஒட்டியது, பூசும்போது பறந்த தூள். வருடக்கணக்கில் தினமும் பூசினால் அது உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். ஜப்பானில் 1887-ல் பேரரசர் முன் நடந்த கபூக்கி நாடகத்தில் ஒரு புகழ்பெற்ற நடிகரின் கால்கள் மேடையிலேயே நடுங்கின. ஈயம் கலந்த வெள்ளைப் பூச்சே காரணம் என்று தெரிந்து நாடே அதைப் பற்றிப் பேசியது. ஆகவே ஆபத்து கற்பனையல்ல.

அந்த ஆபத்தை அதிகம் சுமந்தவர்கள் யார் என்று பார்த்தால், பூசியவர்களைவிடச் செய்தவர்கள்தான். 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் டைன் ஆற்றங்கரை ஆலைகளில் ஈயவெள்ளையைச் சுமந்து, அடுக்கி, உலர்த்தியவர்களில் பெரும்பாலோர் ஏழைப் பெண்கள். வயிற்றுச் சூலை, வலிப்பு, பார்வை இழப்பு, கருச்சிதைவு என்று ஆயுளைத் தொலைத்தார்கள். 1898-ல்தான் ஆபத்தான பிரிவுகளில் பெண்களை வேலைக்கு வைக்கத் தடை வந்தது. ராணியின் கதையைச் சொல்கிறவர்கள் இவர்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை.

உங்கள் மாணவிக்கு வருகிறேன். சுண்ணாம்பு வெள்ளை வேண்டாம். அவள் நிறம் எதுவாக இருந்தாலும் அதிலேயே நல்ல பான்கேக் ஒப்பனைப் பூச்சு ஒன்றை மெல்லியதாகத் தடவுங்கள். தரமான கடையில் வாங்குங்கள், விலாசம் இல்லாத திருவிழாக் கடைப் பொடியைப் பிள்ளையின் முகத்தில் போட வேண்டாம், அவற்றில் இன்றும் ஈயம் இருக்கலாம். முன்மயிரை இறுக்கிப் பின்னால் வாரி, செந்நிறப் பொய்முடியைச் சற்றுத் தள்ளி வைத்தால் நெற்றி உயரமாகத் தெரியும். புருவத்தை மெலிதாக்குங்கள். கழுத்தைச் சுற்றி மடிப்பு மடிப்பாகக் காகிதத்தில் ஒரு வட்டக் காலரும் இரண்டு வரிசை முத்து மாலையும் போதும், பார்ப்பவர்களுக்கு யார் என்று புரிந்துவிடும். கன்னத்தில் கொஞ்சம் சிவப்பு வையுங்கள், அது அவருடைய படத்தில் இருந்ததுதான்.